பாலையாவின் முகம் தெரியவேண்டும்

‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்ல பாலையா கேட்கும் காட்சியைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் நாகேஷ்தான். கதவு கிறீச்சிடுவது, காற்று ஊளையிடுவது எல்லாம் அவர் வாயிலேயே வரும். ஆனால் நாம் சிரிப்பது பாலையாவைப் பார்த்து. கண் விரிவது, கன்னம் துடிப்பது, எச்சில் விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவது என்று அந்த மனிதர் முகத்தாலேயே காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார். 1966-இல் இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தபோது நாகேஷ் வேடத்தில் நடித்த மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அங்கே பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ்.

அந்த முகத்தை நம் வீடுகளில் எத்தனை பேர் ஒழுங்காகப் பார்த்திருக்கிறோம்? தமிழ்நாட்டில் தியேட்டரில் பார்த்தவர்களைவிட வீட்டில் பார்த்தவர்கள்தான் இன்று அதிகம். வீட்டுக்கு வந்த பிரதியோ எப்போதும் அரைகுறை.

மதுரை மாவட்டத்துச் சோழவந்தான், தென்கரை, முள்ளிப்பள்ளம் பக்கமெல்லாம் எண்பதுகளின் கடைசியிலிருந்து காதுகுத்து, கல்யாணம், ஊர்ப் பொங்கல் என்றால் கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு கலர் டி.வி., ஒரு டெக், மூன்று கேசட். வாடகை ஒரு ராத்திரிக்கு. முதலில் சாமி படம் ஓடும். பிறகு சண்டைப் படம். மூன்றாவது, பெண்களும் பிள்ளைகளும் கேட்டு வாங்கிய சிரிப்புப் படம். அது ஓடும்போது விடியப்போகும், டெக்கின் ஹெட்டும் அடைத்திருக்கும். டெக்காரர் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஹெட்டைத் துடைத்துவிட்டு, டிராக்கிங் பட்டனைத் திருகிக்கொண்டிருப்பார். திரையின் கீழே வெள்ளைக் கோடுகள் நடனமாடும்.

வி.ஹெச்.எஸ். கேசட் காட்டக்கூடியதே சுமார் 240 கோடு அளவு நுணுக்கம்தான். அதுவும் முதல் பிரதிக்கு. நம் ஊருக்கு வந்தது பிரதியின் பிரதிக்குப் பிரதி. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நிறம் வழியும், முகம் கரையும், வசனத்தின் மேல் இரைச்சல் படியும். சண்டைப் படத்துக்கு இது பெரிய நட்டமில்லை. அடி விழுந்தது தெரிந்தால் போதும். சிரிப்புப் படத்துக்கு உயிரே போய்விடும். நாகேஷ் விழுங்கிச் சொல்லும் ஒரு அசை கேட்காவிட்டால் அந்த நகைச்சுவை அங்கேயே முடிந்தது.

இதில் இன்னொரு கொடுமை, கேசட்டுக்கு மாற்ற எடுத்த பிலிமே பல நேரம் தேய்ந்த பிலிம். நெகட்டிவிலிருந்து மாற்றச் செலவு அதிகம் என்று, கொட்டகை கொட்டகையாக ஓடிக் கீறல் விழுந்த பிரிண்டை டெலிசினி மெஷினில் ஏற்றுவார்கள். ‘காதலிக்க நேரமில்லை’ ஈஸ்ட்மென் கலரில் வந்த படம். ஏ.வின்சென்ட் ஒளிப்பதிவு, ஆழியாறு பக்கத்துப் பச்சையும் மெரினா வெயிலும் அதில் நடிகர்களுக்குச் சமமாக நடிக்கும். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. அதனால்தான் அறுபது, எழுபதுகளின் எத்தனையோ கலர் படங்களை டி.வி.யில் ரோஸ் நிறத்தில் பார்த்து, ‘அந்தக் காலத்துக் கலர் இப்படித்தான் போல’ என்று நினைத்துவிட்டோம். அப்படி இல்லை. சாயம் போனதைத்தான் நமக்குக் காட்டினார்கள்.

பிறகு வி.சி.டி. வந்தது. மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய நடைபாதைகளில் கவரில் போட்டுத் தொங்கவிட்ட காலம். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் மூன்று தட்டு கேட்கும். இரண்டில் அடக்க வேண்டுமென்றால் காட்சிதான் பலி, நகைச்சுவைத் தனி டிராக் முதல் பலி. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளி. யாராவது ஓடினால் திரை கட்டம் கட்டமாக உடையும்.

2007-இல் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது சாதாரணக் குடும்பம் முதல்முறையாக ஒரிஜினல் வாங்கியது. அது நல்ல காரியம் என்றே சொல்வேன். அதற்கு முன்பே லண்டனிலிருந்து ஐங்கரன் வெளியிட்ட டி.வி.டி.கள் வெளிநாட்டுத் தமிழர் வீடுகளில் தமிழ்ப் படத்தை சப்டைட்டிலோடு ஓடவைத்திருந்தன. டி.வி.டி. என்றாலே தெளிவு என்று சொல்லிவிட முடியாது. 4.7 ஜி.பி. தட்டில் ஒரு படம் இருந்தால் அழகாக இருக்கும். ‘மூன்று படம் ஒரே தட்டில்’ என்று அடைத்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நொடிக்குக் கிடைக்கும் தகவல் ஏறக்குறைய வி.சி.டி.க்குக் கிடைத்த அளவுதான். பெட்டி மட்டும் புதுசு.

‘பால்’ (PAL) என்ற டி.வி. முறையில் வந்த தட்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. பிலிம் நொடிக்கு 24 படம், டி.வி. 25. வேகத்தைக் கூட்டித்தான் பொருத்துவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலின் சுருதியும் ஏறிவிடும். நம் தென்கரைக்காரர் டி.ஆர்.மகாலிங்கத்தின் குரல் ஏற்கெனவே உச்சத்தில் நிற்பது. அதை இன்னும் மேலே தள்ளினால் அது அவர் குரலே அல்ல.

மகாலிங்கம் பாணபத்திரராகப் பாடிய ‘திருவிளையாடல்’ 2012-இல் டிஜிட்டல் செய்யப்பட்டுத் திரும்ப வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ‘கர்ணன்’ வந்து கூட்டம் சேர்த்திருந்தது. பழைய படத்துக்குக் கொட்டகை நிறையும் என்று அந்த வெற்றி காட்டியது. அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 1965-இல் எடுத்த ‘திருவிளையாடல்’ சினிமாஸ்கோப் ஆக்கப்பட்டது எனக்கு உடன்பாடில்லை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான். சதுரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும் சட்டத்தை அகலமாக்க வேண்டுமானால் மேலும் கீழும் வெட்டவேண்டும், இல்லையென்றால் ஆளை அமுக்கிக் குண்டாக்கவேண்டும். தருமி நாகேஷின் நகைச்சுவை உடம்பு முழுவதும் நெளிந்து வருவது. தலையும் காலும் வெட்டுப்பட்டால் என்ன மிச்சம்? இன்றைய எல்.இ.டி. டி.வி.யில் பழைய படத்தை இழுத்து நிரப்பிப் பார்ப்பதும் இதே தவறுதான். டி.வி.யின் பட அமைப்பில் 4:3 என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள், இரு பக்கமும் கறுப்பு விழுந்தால் விழட்டும்.

மேல்நாட்டில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு ‘ஹோம் அலோன்’ ஒன்று போதும். 1990 நவம்பரில் வந்த கிறிஸ்துமஸ் குடும்பச் சிரிப்புப் படம். ஆண்டுதோறும் டிசம்பரில் வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். கேசட், டி.வி.டி., ப்ளூரே என்று வந்து, முப்பதாவது ஆண்டான 2020-இல் 4கே தட்டாகவும் வந்தது. வீட்டுக்குள்ளே சிவப்பும் பச்சையுமாக இழைத்திருக்கும் அலங்காரம்தான் அந்தப் படத்தின் பண்டிகை வாசனை. அந்த நிறம் கெடாமல் இருக்கவேண்டும் என்று அவர்கள் மெனக்கெடுகிறார்கள். நமக்குத் தீபாவளிக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ இருக்கிறது, அதுவும் 1990-தான். நம் சிரிப்புப் படங்களை நாம் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதில்லை. காமெடி சானலிலும் செல்போனிலும் தினம் பார்க்கிறோம். அதிகம் பார்க்கும் படத்துக்குத்தான் மோசமான பிரதி. புராணப் படங்களுக்குக் காட்டிய அக்கறை சிரிப்புப் படங்களுக்கு வந்துசேரவில்லை.

இதைச் சரிசெய்ய யாருக்கு உரிமை? இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’க்கு அது 2024 டிசம்பரோடு முடிந்தது. பாட்டுக்கும் எழுத்துக்கும் உரிமை தனி. நெகட்டிவ் யார் கையில் இருக்கிறதோ அவர் மனம் வைத்தால்தான் வேலை நடக்கும். வெளிநாட்டுப் படங்களையே புதுப்பித்துக் கொடுக்கும் பிரசாத் நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது. வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

அந்த நெகட்டிவையோ நல்ல பிரிண்டையோ வைத்திருப்பவர்கள் ஸ்கேன் செய்ய வெளியே கொடுங்கள். அகலமாக்காதீர்கள். மோனோ ஒலியை மோனோவாகவே விடுங்கள், புது மேளம் சேர்க்காதீர்கள். பாலையாவுக்கு வியர்க்கும்போது அந்தத் துளி தெரியும்படி ஒரு பிரதி கொடுத்தால், காசு கொடுத்து வாங்க சோழவந்தானிலேயே ஆள் இருக்கிறது.