முட்டு வலியும் நாலு விரல் கணக்கும்

எங்க ஆச்சிக்கு முட்டு வலி. தரையில் இருந்தால் எழும்ப முடியாது. "மக்ளே, கையைப் புடி" என்று கூப்பிடுவாள். அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

நமது குமரி மாவட்டம் வர்ம மருத்துவத்துக்குப் பேர்போனது. உடம்பில் 108 வர்மங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பார்கள். சீனாவில் இதுபோன்ற புள்ளிகளில் ஊசி குத்துவது அக்குபங்சர். விரலால் அழுத்துவது அக்குபிரஷர். முட்டுக்குக் கீழே உள்ள ஒரு புள்ளியின் பெயர் 'சு சான் லி'. 'காலின் மூன்று லி' என்று பொருள். ஒரு லி சுமார் அரை கிலோமீட்டர்.

1971-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீகிங்கில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. பிறகு வந்த வயிற்று உபாதைக்கு முழங்கையிலும் முட்டுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். அவர் அதை எழுதிய பிறகு அமெரிக்காவில் அக்குபங்சர் பிரபலமாயிற்று.

புள்ளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. நாற்காலியில் முட்டை மடக்கி உட்காரணும்.
2. முட்டுச் சிரட்டைக்குக் கீழே நாலு விரலைச் சேர்த்து வைக்கணும். வலி உள்ளவரின் விரல்தான் கணக்கு, நம்ம விரல் இல்லை! வர்மத்திலும் இப்படித்தான்.
3. அங்கிருந்து முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளினால் அந்த இடம்.
4. பெருவிரலால் ஒன்றிரண்டு நிமிஷம் மெதுவாக அழுத்தலாம். ஊசி குத்துவது படித்தவர்கள் வேலை.

ஆச்சிக்கு அழுத்திவிட்டேன். "சொகமா இருக்கு" என்றாள். ஆனால் இது வலியைக் கொஞ்சம் ஆற்றும், அவ்வளவுதான். தேய்ந்த மூட்டு வளராது. ஆராய்ச்சிகளில், வேறு இடத்தில் பொய்யாக ஊசி குத்தியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்திருக்கிறது.

ஒருநாள் ஆச்சியின் ஒரு முட்டு மட்டும் வீங்கிச் சுட்டது. காய்ச்சலும் இருந்தது. நான் அழுத்தப் போனேன். பக்கத்து வீட்டு ஆசான் தடுத்தார். "சூடு உள்ள முட்டில கை வைக்கப்படாது மக்ளே. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அங்கே நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டுக்குள் கிருமி! பிந்தியிருந்தால் மூட்டே கெட்டிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது ஆச்சி நாற்காலியில் இருந்து காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்கிறாள். மெதுவாக நடக்கிறாள்.

நண்பர்களே, புள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள். எப்போது தொடக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்!