பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

திருநெல்வேலியில் ரயிலேறிப் பட்டணம் போகிறவர்கள், எழும்பூரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் ‘பார்க்’. நீங்களும் அங்கே இறங்கி, ஜன சமுத்திரத்தில் நீந்தி, சென்ட்ரலுக்குப் போயிருப்பீர்கள். என்றைக்காவது, “இங்கே பார்க் எங்கே இருக்கிறது?” என்று யாரையாவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்திருப்பார்!

பார்க் இருந்தது. சாமானியப் பார்க் அல்ல. 116 ஏக்கர் விஸ்தீரணம். பதினொரு குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பாண்டு வாசிக்க ஒரு மேடை, டென்னிஸ் ஆட இடம், தேகப் பயிற்சிக்கு மைதானம். ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்று பெயர். ஜனங்களின் தோட்டம்!

1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யன் செய்த ஏற்பாடு அது. இன்று ஜார்ஜ் டவுன் என்கிறோமே, அந்த நெரிசலான பகுதியில் வாழும் ஜனங்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். மனிதர் வெகு நாள் பதவியில் நிலைக்கவில்லை. மேலிடத்தார் போட நினைத்த வருமான வரியைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1860-லேயே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். கவர்னர் போனார், தோட்டம் வளர்ந்தது. எழும்பூர் மியூஸியத்தில் 1855-ல் பால்ஃபர் என்ற டாக்டர் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலையும் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. பட்டணம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நம் தாத்தாக்கள், “செத்த காலேஜும் பார்த்தேன், உயிர் காலேஜும் பார்த்தேன்” என்று திண்ணையில் அளப்பார்கள் அல்லவா? மியூஸியம் செத்த காலேஜ். பார்க்கில் இருந்தது உயிர் காலேஜ். டிசம்பர் கடைசியில் பெரிய சந்தையும் கூடும். 1886-ஆம் வருஷக் கடைசி நாளன்று அந்தச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டது பட்டணம் மறக்கக் கூடாத துயரம்.

அப்படிப்பட்ட 116 ஏக்கர் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. அதுதான் வேடிக்கை!

முதலில் ஊருக்கு ஒரு சபா மண்டபம் வேண்டும் என்றார்கள். நியாயந்தானே? ஓர் ஓரத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. பிறகு கடைக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தது. பார்க்கைக் காக்க வேண்டிய கார்ப்பரேஷனுக்கே கட்டடம் வேண்டியிருந்தது. 1913-ல் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஒவ்வொன்றுக்கும், “இத்தனை பெரிய தோட்டத்தில் இது ஒரு மூலைதானே?” என்ற சமாதானம்.

அப்புறம் விளையாட்டு வந்தது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் கட்டினார்கள். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக அங்கே நடந்த டெஸ்ட் பந்தயத்தை மறக்க முடியுமா? வினு மங்கட்டும் பங்கஜ் ராயும் ஆரம்ப ஆட்டக்காரர்களாக இறங்கினார்கள். முதல் நாள் முழுவதும் ஒரு விக்கெட்கூட விழவில்லை! இருவரும் சேர்ந்து 413 ஓட்டங்கள். 2008-ல் தென்னாப்பிரிக்கர் இருவர் முறியடிக்கும் வரையில், 52 வருஷம் அது உலக சாதனை. 1965 வரை ஒன்பது டெஸ்டுகள் இங்கே நடந்தன. பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1993-ல் ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டினார்கள். அதுதான் இப்போதைய நேரு ஸ்டேடியம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து பார்க்க ஆயிரக்கணக்கில் இடம், ஓடியாட ஒரே ஒரு புல்தரை என்பது என்ன கணக்கோ!

1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருஷம் உயிர் காலேஜும் வண்டலூருக்குக் குடிபோயிற்று. மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே கட்டடம்; கடை இழந்தவர்களுக்காகப் பார்க்கின் அல்லிக்குளத்தைத் தூர்த்து ஒரு வளாகம். ஆகவே பார்க் ஸ்டேஷனில் பார்க் இல்லை, மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் மார்க்கெட் இல்லை, அல்லிக்குளத்தில் அல்லியும் இல்லை, குளமும் இல்லை. ‘மை லேடீஸ் கார்டன்’ என்ற சிறு துண்டு மட்டும் மிச்சம்.

“பட்டணத்துக் கதை நமக்கு எதற்கு?” என்கிறீர்களா? திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866-லேயே முனிசிபாலிடி ஆனவை. மேலப்பாளையத்தையும் தச்சநல்லூரையும் சேர்த்துக்கொண்டு 1994-ல் கார்ப்பரேஷன் ஆனோம். நமக்கும் ஸ்மார்ட் சிட்டி வந்தது. டவுன் பொருட்காட்சித் திடலில் வர்த்தக மையம் எழுந்திருக்கிறது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிக் காலரி வந்திருக்கிறது. இவையும் நல்ல காரியங்களே. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கும் பெரியவர்களும், ரப்பர் பந்தும் மட்டையுமாக வரும் பொடியன்களும் அடுத்த “ஒரு மூலைதானே” எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பார்த்துக்கொண்டிருப்பதைவிட உருப்படியான வழி ஒன்றும் உண்டு. பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் பாதுகாக்க 1959-ல் நம் மாகாணத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். ஊரில் உள்ள பூங்கா, மைதானம் எல்லாவற்றுக்கும் உள்ளாட்சி அதிகாரிகள் பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை சர்க்காரின் முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. பெரிய மனைப் பிரிவு போட்டால், சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கென்று தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர் பக்கத்தில் குடியிருக்கும் நேயர்களே, உங்கள் மனைப் பிரிவின் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று எழுதிய கட்டம் ஏதாவது இருக்கிறதா? அங்கே இன்று நிற்பது மரமா, மேல்நிலைத் தொட்டியா, வேறு கட்டடமா? நம் கார்ப்பரேஷனுக்கு மண்டல அலுவலகங்கள் நான்கு இருக்கின்றன. வீட்டு வரி கட்டப் போகும் அன்றைக்கு, உங்கள் வார்டின் பட்டியலையும் கையோடு கேட்டு வாங்கிப் பாருங்கள்.