மழை ஏன் குகைக்குள் வரவில்லை?

கல்முனையில் இருந்து சம்மாந்துறை ஊடாக அம்பாறைக்குப் போய், உகனை தாண்டி மகாஓயா வீதியில் போனால் இராஜகல என்ற காட்டு மலை வரும். மலையெங்கும் பழைய பௌத்த மடாலயத்தின் இடிபாடுகள். தாதுகோபங்கள், தூண்கள், கற்படிகள், துறவிகள் தங்கிய குகைகள் என்று நடக்க நடக்க வந்துகொண்டே இருக்கும். இரண்டாயிரம் வருசத்துக்கு மேல் பழமையான இடம். ஆனை நடமாடும் காடு என்பதால் பெரியவர்களோடுதான் போக வேண்டும்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போகிற பிள்ளைகள் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முதல் ஒரு குகை வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

பாறையின் நெற்றியில், வாசலின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கும். விளிம்புக்கு மேலே பாறை வெளியே தள்ளி நிற்கும். கீழே உள்நோக்கிச் செதுக்கியிருக்கும். இதற்கு நீர்வடி விளிம்பு என்று பெயர். அழகுக்குச் செய்ததல்ல, மழைக்குச் செய்தது.

பாறைதான் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, பிறகு எதற்கு விளிம்பு என்று கேட்பீர்கள். குசினிக்குப் போய், கோப்பையில் தண்ணீர் எடுத்து மெதுவாகச் சரித்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் நேரே கீழே விழாது. கோப்பையின் வெளிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு வழிந்து, மேசையை நனைத்து, உம்மாவிடம் ஏச்சும் வாங்கித் தரும். தண்ணீரின் மூலக்கூறுகள் மற்றப் பொருட்களின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும் இயல்பு உடையவை. இதை ஒட்டற்பண்பு என்கிறோம்.

பாறையிலும் இதுதான் நடக்கும். மலை உச்சியில் விழுந்த மழை, பாறையை ஒட்டியபடி வழிந்து, வளைவைச் சுற்றி, கூரையின் அடிப்பக்கமாகவே உள்ளே வந்துவிடும். படுத்திருப்பவரின் தலையில் சொட்டும். வழியில் கூரான விளிம்பு ஒன்று இருந்தால் கதை வேறு. விளிம்பைத் தாண்டி உள்ளே போக, தண்ணீர் மேல்நோக்கி ஏற வேண்டும். புவியீர்ப்பு விடாது. விளிம்பிலேயே தேங்கித் துளியாகப் பருத்து, ஒட்டிப்பிடிக்கும் விசையை விடப் பாரம் கூடியதும் வாசலுக்கு வெளியே விழுந்துவிடும்.

மூலக்கூறு என்ற பேச்சே இல்லாத காலத்தில், உளியையும் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! தமிழ்நாட்டில் மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்தில் சமண முனிவர்கள் தங்கிய குகையிலும் இதே வெட்டு இருக்கிறது. கிரேக்க நாட்டில் 2400 வருசத்துக்கு முந்திய பளிங்குக் கோயில்களின் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களும், கூரையோரக் கல்லின் அடியில் தண்ணீரை உதறிவிடும் விளிம்பைக் காணலாம். மழை எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தானே ஒழுகும்.

விளிம்பால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. குகையை யார் கொடுத்தார் என்பதை விளிம்புக்குக் கீழேதான் எழுதினார்கள். தண்ணீர் படாத இடம் என்பதால் எழுத்து அழியாமல் தப்பியது. அது பிராமி எழுத்து. அதிலே 'க' வேண்டுமானால் கூட்டல் குறி போட்டால் போதும். இந்தியாவில் ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் இந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன்பிறகுதான் இந்தப் பாறைகள் பேசத் தொடங்கின. மகிந்த தேரருக்கும் இத்திய தேரருக்கும் எழுப்பிய தாதுகோபம் இராஜகலவில் இருந்தது என்பதும் இப்படியொரு பிராமிக் கல்வெட்டைப் படித்துத்தான் தெரியவந்தது. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்தவர் மகிந்த தேரர். அவரோடு வந்தவர் இத்தியர்.

ஆகவே அங்கே போனால் கல்லில் ஆணியால் பெயர் கீறாதீர்கள். சோக்கால் எழுத்தைத் தடவிப் பார்க்கவும் வேண்டாம். அது வேறு யாரோ எழுதி வைத்த ஆவணம்.

இராஜகலவுக்குப் போகக் கிடைக்காதவர்கள் மாரி மழை வரும்வரை பொறுங்கள். யன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் கொங்கிரீட் தட்டின் அடிப்பக்கத்தை அப்போது பாருங்கள். ஓரத்தை ஒட்டி ஒரு சிறு காடி ஓடும். காடி இல்லாத வீட்டில் தண்ணீர் சுவர்வரைக்கும் வந்து பாசி பிடித்திருக்கும். ஏன் காடி வைக்கவில்லை என்று வீடு கட்டிய மேசனிடம் கேளுங்கள்.