ஆற்றில் தூண்டில் போடுவோர் கவனத்துக்கு

மேட்டூரில் மதகு திறந்து, புதுத் தண்ணீர் வாய்க்கால் தலைப்புக்கு வந்துவிட்டது என்றால் டெல்டா விவசாயிக்கு நாற்றங்கால் வேலை. அவர் வீட்டுப் பையனுக்குத் தூண்டில் வேலை. பையன் என்ன, மாலையில் வரப்பு வேலை முடிந்ததும் கழியைத் தூக்கிக்கொண்டு படுகைக்குப் போகும் பெரியவர்களும் உண்டு. வலை வைத்துப் பிழைப்பவர் வேறு, தூண்டில் போடுகிறவர் வேறு. வலைக்காரருக்கு மீன் கூலி. தூண்டில்காரருக்கு ஒரு வேளைக் குழம்பு கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டாலும் மறுநாள் போவார்.

பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆற்றின் நலத்தை முதலில் அறிகிறவர் தூண்டில்காரர்தான். மீன் கடிப்பது நின்றால், தண்ணீருக்கு ஏதோ வந்திருக்கிறது என்று பொருள். அதே தண்ணீர்தான் அடுத்த நாள் வயலுக்குப் பாய்கிறது.

தூண்டிலுக்குப் பெரிய செலவு கிடையாது. முற்றிய மெல்லிய மூங்கில் கழி ஒன்றை வெட்டி, நிழலில் உலர்த்தி எடுத்தால் 8 அல்லது 10 அடியில் நல்ல கழி தயார். நுனி வளைய வேண்டும், முறியக்கூடாது. நைலான் நரம்பு கழியின் நீளத்துக்கு இருந்தால் கையாள எளிது. முள் வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறிதாகும். கடையில் பெரிய எண்ணைக் கேட்டு வாங்கிவந்து, கெளுத்திக்குப் போதவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு வேண்டும் என்பதில்லை. பசுந்தாளுரத்துக்கு விதைக்கிறோமே தக்கைப்பூண்டு, அதன் காய்ந்த தண்டில் ஒரு துண்டு போதும். அந்தப் பயிருக்குப் பெயர் வந்ததே தண்டின் இலேசால்தான்.

இரை எருக்குழி ஓரத்தில் கிடைக்கிறது. நாங்கூழ்ப் புழுவை ஈரமண்ணோடு கொட்டாங்கச்சியில் போட்டு வைத்தால் ஒரு நாள் முழுக்கச் சாகாது. கெண்டை வகைகளுக்குக் கடலைப் பிண்ணாக்கும் மாவும் சேர்த்துப் பிசைந்த உருண்டை ஏற்றது. விராலுக்குச் சிறு தவளை. இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாமல் போவது எந்த இடத்தில், எந்த நேரத்தில் போடுவது என்பதுதான்.

ஓடும் ஆற்றில் மீன் எப்போதும் தண்ணீர் வரும் திசையை நோக்கி நிற்கும். எதிர்த்து நீந்திக்கொண்டே இருந்தால் தின்றதெல்லாம் அதற்கே செலவாகிவிடும். ஆகவே பாறைக்குப் பின்னால், பாலத்தின் தூணுக்குப் பின்னால், சாய்ந்த மரவேருக்கு அடியில், இழுப்பு குறைந்த இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்கிறது. பக்கத்தில் ஓடும் தண்ணீர் புழு, பூச்சி, உதிர்ந்த பழம் ஆகியவற்றைக் கொண்டுவரும்போது சட்டென்று வெளியே வந்து கவ்விக்கொண்டு திரும்புகிறது. இதை அறிந்தவர் ஆற்றின் நடுவில் இரையை வீசமாட்டார். மீன் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே போட்டு, தண்ணீரே அதை இழுத்துக்கொண்டு போகும்படி விடுவார். அடித்து வரப்படுகிற இரையை மீன் சந்தேகிப்பதில்லை.

கரையில் நடக்கும்போதும் நிதானம் வேண்டும். மீனின் உடல் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுகிறது. அது தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு. கரையில் தடதடவென்று ஓடினால் அந்த அதிர்ச்சி மண் வழியாகத் தண்ணீருக்குப் போய்ச் சேரும். வாயால் பேசுவது அவ்வளவாகக் கேட்காது. ஊர்ப் பெரியவர்கள் தூண்டில் போடும் பிள்ளைகளைப் "பேசாதே" என்று அதட்டுவார்கள். அதட்ட வேண்டியது நடையையும், தண்ணீரில் விழும் நிழலையும்தான்.

கலங்கல் தண்ணீரில் கண் உதவாது. அப்போது மீசையால் தடவியும் வாசனையாலும் இரை தேடும் கெளுத்தி வகைகள்தான் அகப்படும். புழுவே அதற்குச் சரி. தண்ணீர் தெளிந்தபின் விடியற்காலையும் மாலையும் கெண்டை கடிக்கும். உச்சி வெயிலில் அது ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. வெந்நீராகிப்போன ஆழமில்லாத இடத்தில் கழியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

கடியும் மீனுக்கு மீன் வேறு. கெண்டை கொத்திக் கொத்திப் பார்க்கும், மிதப்பு நடுங்கும். கெளுத்தி இழுத்துக்கொண்டு ஓடும். விரால் தவளையைக் கவ்வியதும் இழுத்துவிடக் கூடாது. வாய்க்குள் வாங்கிக்கொள்ள அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டவர் கையில் பாதித் தவளைதான் மிஞ்சும்.

கெளுத்தியை முள்ளிலிருந்து கழற்றும்போது பலருக்குக் கை கிழிந்திருக்கிறது. முதுகில் ஒன்றும், செவுளை ஒட்டி இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள் நிமிர்ந்து நிற்கும். தேளி மீனின் முள்ளில் விஷமும் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும். காயம் ஆழமாக இருந்தால் மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டில் உட்காரக்கூடாது.

புதுத் தண்ணீரும் சினை மீனும்

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பது வழக்கம். 2022ல் அணையில் நீர் இருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். நீர் குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். எப்போது வந்தாலும், முதல் வெள்ளத்தோடு ஆற்று மீன்கள் பல சினையோடு மேலே ஏறப் பார்க்கின்றன. மழையும் கலங்கலும் ஓட்டமும் சேர்ந்து வருவதுதான் கெண்டை வகைகளுக்கு முட்டையிடும் காலம் என்பதற்கு அடையாளம். வாய்க்கால் வழியாக வயலுக்கே ஏறிவந்துவிடும் மீன்களும் உண்டு.

அந்த ஒரு வாரத்தில் மீன் எளிதாக அகப்படுகிறது. மடைவாயில் பறி வைத்தால் நிறைந்துவிடும். ஆனால் வயிறு புடைத்த ஒரு பெரிய கெண்டையைக் குழம்பு வைப்பது, நாற்று விடுவதற்கு வைத்திருக்கும் விதைநெல்லைச் சோறாக்குவதற்குச் சமம். ஒரு கட்லாவின் வயிற்றில் இலட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது. தூண்டிலில் வந்த சினை மீனைக் கழற்றி விட்டுவிட்டால் தூண்டில்காரருக்கு ஒரு வேளைக் குழம்புதான் நட்டம்.

விராலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டமில்லாத தண்ணீரில், தாமரை அல்லது ஆகாயத்தாமரை ஓரத்தில், செம்மஞ்சள் நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைப் பார்த்திருக்கலாம். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. குஞ்சுக் கூட்டத்தின்மேல் தவளையைத் தூக்கிப் போட்டால் விரால் பசிக்காகப் பாய்வதில்லை, பிள்ளையைக் காப்பதற்காகப் பாய்கிறது. நிச்சயமாக அகப்படும். பெரிய திறமைபோல இதைச் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். காவல் போனபின் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் இரையாகிவிடுவதை அவர்கள் பார்க்க நிற்பதில்லை.

ஜிலேபிக் கெண்டைக்கு இந்தத் தயவு தேவையில்லை. 1952ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது அது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது, ஆண்டுக்குப் பல முறை பெருகுகிறது, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கிற அளவு பிடிக்கலாம்.

120 ராத்தல் மீன்

காவிரியில் தூண்டில் போட ஒரு காலத்தில் சீமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தேடிவந்தது மஹசீர் மீனை. சென்னை ராஜதானியில் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873ல் மங்களூரில் ஒரு நூலே வெளியிட்டார். காவிரியின் கிளையான கபினியில், 1946ல், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹசீர் 120 ராத்தல் எடை இருந்தது. சுமார் 54 கிலோ. ஒரு நெல் மூட்டையைத் தூக்கிப் பழகியவருக்கு அந்த எடை விளங்கும். கேழ்வரகுக் களி உருண்டைதான் இந்த மீனுக்குப் பேர்போன இரை.

முதுகு திமில்போல உயர்ந்த இந்தக் காவிரி மஹசீரை உலக அழிவுநிலைப் பட்டியலில் 2018ல், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களோடு சேர்த்தார்கள். அணைகள் அதன் வழியை மறித்தன. வெடியும் நஞ்சும் அதைக் கொன்றன. இன்னொரு காரணம் வேடிக்கையானது. மஹசீர் குறைகிறதே என்று நல்லெண்ணத்தில் வேறு ஆற்றைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்துக் காவிரியில் விட்டார்கள். அந்த இனம் பெருகிற்று, சொந்த இனம் ஒதுங்கிற்று. மாயாற்றில் திமில் மஹசீர் இன்னும் வாழ்கிறது. கட்லா, ரோகு போல இலட்சக்கணக்கில் முட்டையிடும் இனமும் அல்ல, முதிரவும் நாளாகும். ஆகவே தப்பித்தவறி எவர் தூண்டிலிலாவது மஹசீர் வந்தால், கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்தை நோக்கி இருக்கும்படி தண்ணீரிலேயே தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். களைப்புத் தீர்ந்ததும் தானே போய்விடும். உலர்ந்த கையால் பிடித்தால் உடம்பின் வழுவழுப்பு உரிந்து நோய் பற்றும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆற்றை ஒட்டிய காட்டுப் பகுதி 2022ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே வனத்துறையைக் கேட்காமல் தூண்டிலைத் தண்ணீரில் வைக்கக்கூடாது. மற்ற இடங்களில் மீன் குத்தகை யாரிடம் என்று ஊராட்சியிலோ மீன்வளத்துறை அலுவலகத்திலோ விசாரித்துக்கொண்டால் வீண் தகராறு வராது.

வெடியும் மருந்தும்

தோட்டா போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். இருந்தும் கோடையில் மடுக்களில் வெடிச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. வெடியில் செத்த மீனில் ஒரு பகுதிதான் மிதக்கும். மற்றவை அடியில் கிடந்து அழுகுகின்றன. பொடிக் குஞ்சுகளைப் பொறுக்குவாரும் இல்லை. மின்கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது இன்னும் கொடிது. மீன் செத்ததா என்று பார்க்க இறங்கியவரே செத்த சம்பவங்கள் உண்டு.

இவற்றைச் செய்கிறவர்கள் சிலர். விவசாயிகள் அறியாமலேயே செய்வது வேறொன்று இருக்கிறது. மருந்து அடித்துவிட்டு, முதுகில் மாட்டும் தெளிப்பானை நேரே வாய்க்காலில் அலசுவது. எண்டோசல்பான் மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. 2011ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. ஆனால் இன்று கத்தரிக்கும் பருத்திக்கும் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளும், மனிதனுக்கு அதைவிடச் சாது என்று பெயர் வாங்கியிருந்தாலும், மீனுக்கு மிகச் சிறு அளவிலேயே எமன். டப்பாவைக் கழுவி ஊற்றிய இடத்துக்குக் கீழே பொடி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தால் காரணத்தைத் தூரத்தில் தேட வேண்டாம். அப்படி மிதக்கும் மீனை எடுத்துச் சமைப்பதும் கூடாது.

விடியற்காலையில் மட்டும் குட்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது மருந்தாக இருக்க வேண்டியதில்லை. பகலில் பாசி தண்ணீருக்குப் பிராணவாயு கொடுக்கிறது. இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து அதையே செலவழிக்கிறது. விடியும் நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. உரம் கரைந்து வந்து பாசி மண்டிய தேக்கங்களில் இது அதிகம். ஜனவரி 28ஆம் தேதி வாக்கில் மேட்டூர் மூடியபின் ஆறும் வாய்க்காலும் குட்டை குட்டையாக நிற்கும்போது, ஓடமுடியாத மீன்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து.

தெளிப்பானை அலச, தண்ணீர் நிற்காத மேட்டு வரப்பில் ஒரு குழி போதும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி அது இருக்க வேண்டும். மருந்து அடித்த வயலின் வடிமடையைச் சில நாட்களுக்கு அடைத்து வைக்க வேண்டும். மழை வரும்போல் இருந்தால் அன்று மருந்து அடிப்பதே வீண். பணமும் மருந்தும் ஒன்றாக ஆற்றுக்குப் போகும்.

கழியோடு ஆற்றுக்குப் புறப்படுமுன் அணையிலிருந்து தண்ணீர் கூடுதலாக விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது அவசியம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வறண்ட மணலாக இருந்த இடம் ஒரு இரவில் நிரம்பிவிடும். நடுத்திட்டில் உட்கார்ந்தவர் திரும்ப வழியிருக்காது. மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரிவதில்லை. முழங்கால் ஆழம் என்று நடந்த அடுத்த அடியே இரண்டு ஆள் மட்டமாக இருக்கும். ஷட்டருக்குக் கீழே நுரைக்கும் தண்ணீரில் மீன் கூட்டமாக நிற்பது உண்மைதான். அங்கே பிராணவாயு அதிகம், மேலே ஏற வழியும் இல்லை. ஆனால் அந்த இடத்தின் சுழல் நீந்தத் தெரிந்தவரையும் விடாது. பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல், அணைக்கட்டுக்கு நெடுந்தூரம் தள்ளி, வேர் பிடித்த கரையாகப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். மிஞ்சிய நைலான் நரம்பை அங்கேயே போடாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கொக்கு, நாரையின் காலிலும், தண்ணீர் குடிக்க இறங்கும் கன்றின் குளம்பிலும் அது சுற்றிக்கொள்கிறது.