பிரிவை அளக்கும் அறிவியல்

பிறந்த நாட்டின் எல்லையைக் கடந்து, பிறிதொரு நாட்டில் உழைத்து ஊதியம் பெறும் மாந்தரின் இடப்பெயர்ச்சியைத் தொழில்வழிப் புலம்பெயர்வு என்கிறோம். அவ்வாறு பெயர்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அயல்மண்ணில் வாழ்ந்துகொண்டே தாய்மண்ணோடு உறவறாத ஒரு திரளாக நிலைபெறும்போது, அத்திரளை அயல்வாழ் குமுகம் என்கிறோம். முன்னது செயல், பின்னது அச்செயல் பல தலைமுறையாகத் தொடர்ந்ததனால் விளைந்த நிலை. இவ்விரண்டையும் தாயகத்தோடு பிணைக்கும் கயிறாக விளங்குவது, சென்றவர் தம் வீட்டிற்கு விடுக்கும் பணம். முதலீடு, காப்பீடு, மதிப்பீடு என்னும் சொற்களின் வழிநின்று அதனை அனுப்பீடு என வழங்கலாம்.

பிரிவை வகுத்துப் பெயரிடுதல் தமிழுக்குப் புதிதன்று. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவின் நோக்கங்களைப் பகுத்துக் காட்டியது தொல்காப்பியம்; பொருளீட்டும் பொருட்டுத் தலைவன் பிரிதலுக்குப் பொருள்வயிற் பிரிவு என்றே பெயர் அமைந்தது. நோக்கத்தால் பிரிவைப் பகுத்த மொழி, எண்ணிக்கையாலும் ஏதுவாலும் விளைவாலும் அதனைப் பகுத்துரைக்க வேண்டிய சொற்களையும் தன் வேரிலிருந்தே தளிர்த்துத் தரும். அவ்வுறுதியோடு, இத்துறையில் உலக ஆய்வாளர் மிகுதியாக ஆராய்ந்துள்ள நாடுகளுள் ஒன்றாகிய பிலிப்பைன்சை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1906-ஆம் ஆண்டின் இறுதியில் 15 பிலிப்பைன்சு ஆடவர் அவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகக் கப்பலிலிருந்து இறங்கினர். சக்காடா என அழைக்கப்பெற்ற இத்தோட்டத் தொழிலாளர், 1946 வரையில் நூறாயிரத்திற்கும் மேற்பட்டோராகப் பெருகினர். அக்காலத்துப் பெயர்வு தோட்ட முதலாளிகளின் தேவையால் நிகழ்ந்தது. அரசின் திட்டமாக அது மாறியது பின்னரே. 1973-இல் பாறைநெய்யின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது வளைகுடா நாடுகள் கட்டுமானப் பணிகளுக்கு ஆட்களைத் தேடின. பிலிப்பைன்சில் வேலையின்மையும் அயல்நாணயத் தட்டுப்பாடும் நெருக்கிய அவ்வேளையில், பெர்டினாண்டு மார்க்கோசின் அரசு 1974-ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தொகுப்பின் வழியாக அயல்நாட்டு வேலைக்கு ஆளனுப்புவதைத் தன் பணிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது. 1982-இல் அதற்கெனத் தனி ஆளுகையகம் தோன்றியது. 2022-இல் அயலகப் பணியாளர்க்கெனத் தனித்துறையே செயற்படத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்கென வகுத்த வழி அரை நூற்றாண்டாக நாட்டின் நிலைத்த அமைப்பாயிற்று. 2023-இல் அந்நாட்டிற்கு வந்த அனுப்பீடு ஏறத்தாழ 3,720 கோடி அமெரிக்க டாலர். அது நாட்டின் மொத்த விளைபொருள் மதிப்பில் 8.5 விழுக்காடு.

எந்த அறிவியலும் அளவையிலிருந்தே தொடங்குகிறது. புலம்பெயர்வை அளக்க இரு அளவைகள் உள. ஓர் ஆண்டில் எத்தனை பேர் புறப்பட்டனர் என்பது பெயர்வளவு. ஒரு குறித்த நாளில் எத்தனை பேர் அயல்நாட்டில் உள்ளனர் என்பது இருப்பளவு. ஆற்றில் ஓடும் நீரும் ஏரியில் நிற்கும் நீரும் போன்றவை இவை. ஒருவரே ஐந்து முறை புறப்பட்டால் பெயர்வளவில் ஐந்தாவார், இருப்பளவில் ஒருவராகவே நிற்பார். ஆதலின் ஒன்றைக் கூறுமிடத்தில் மற்றொன்றைக் கூறுதல் பெரும்பிழையாகும்.

அயலகப் பிலிப்பைன்சு மக்களுக்கான ஆணையம் இருப்பளவை மூன்றாகப் பகுத்துக் கணித்தது. குடியேறியவராகவோ அயற்குடியுரிமை பெற்றவராகவோ நிலைத்து வாழ்வோர் நிலைக்குடியர். வேலை முடிந்ததும் திரும்பும் உடன்படிக்கையோடு சென்றோர் தவணைப் பணியர். உரிய இசைவு இன்றியோ இசைவுக்காலம் கடந்தோ தங்கியோர் இசைவிலார். 2013-ஆம் ஆண்டின் இறுதியில் இம்மூவகையினரும் முறையே 48.7 நூறாயிரம், 42.1 நூறாயிரம், 11.6 நூறாயிரம் என மொத்தம் ஏறத்தாழ 1.02 கோடிப் பேர் 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் நிலப்பகுதிகளிலும் பரவியிருந்தனர்.

ஆயின் அதே 2013-இல் நாட்டின் புள்ளியியல் அமைப்பு நடத்திய வீட்டுவழிக் கணக்கெடுப்பு, அயலகப் பணியாளர் தொகையை ஏறத்தாழ 23 நூறாயிரம் என்றே கூறியது. தவணைப் பணியர் தொகையோடு ஒப்பிட்டாலும் இது பாதியளவே. இரண்டுள் ஒன்று பொய்யோ எனில், அன்று. வீட்டுவழிக் கணக்கெடுப்பு, முந்தைய ஐந்தாண்டுகளுக்குள் புறப்பட்டு, ஏப்பிரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு திங்களில் அயல்நாட்டில் வேலை பார்த்தோரையே எண்ணுகிறது; அவரைப் பற்றிச் சொல்ல வீட்டில் எவரேனும் எஞ்சியிருக்க வேண்டும். குடும்பம் முழுவதுமே பெயர்ந்துவிட்டால், கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளருக்கு விடைகூற அங்கே எவரும் இலர். இவ்வாறு எல்லைவரையறையின் அகலமும் குறுக்கமுமே தொகையின் பெருக்கத்தையும் சுருக்கத்தையும் முடிவுசெய்கின்றன. எண்ணிக்கையை அறியுமுன் வரையறையை அறிக என்பது இத்துறையின் முதல் நெறி.

அளந்ததற்குப் பின் எழுவது ஏது பற்றிய வினா. 1885-இல் இரேவன்சுடைன் என்னும் வரைபட அறிஞர், பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கிலிருந்து பெயர்வின் பொதுநெறிகளை வகுத்தார். பெரும்பாலோர் அண்மை இடங்களுக்கே பெயர்வர், ஒவ்வோர் ஓட்டத்திற்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பன அவற்றுட் சில. 1966-இல் எவரெட்டு லீ என்னும் ஆய்வாளர், புறப்படும் இடத்தின் இயல்புகள், சேரும் இடத்தின் இயல்புகள், இடைநிற்கும் தடைகள், செல்வோரின் தனிநிலை என்னும் நான்கன் கூட்டே பெயர்வை ஆள்கிறது என்றார். உந்துகையும் ஈர்ப்பும் என இன்று பலரும் பேசுவது இவ்வழி வந்ததே. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது: உந்துகையும் ஈர்ப்பும் எல்லார்க்கும் ஒன்றாயின், ஒரே வீட்டில் ஒருவர் செல்ல மற்றவர் தங்குவது ஏன்? முடிவெடுப்பது தனி ஆள் அன்று, குடும்பமே என்று 1980-களில் ஓடெடு இசுடார்க்கும் அவரோடு ஆராய்ந்தோரும் விடையிறுத்தனர். மழை பொய்ப்பினும், விலை வீழினும், அனைத்தும் ஒருசேர அழியாதிருக்கும்பொருட்டு, குடும்பம் தன் உழைப்பை இரு நிலங்களில் பகிர்ந்து வைக்கிறது. ஒருவரை வயலிலும் ஒருவரைக் கடல்கடந்தும் நிறுத்துகிறது. இதனை இடர்ப்பகிர்வு எனலாம்.

கருத்தை மெய்ப்பித்தல் எளிதன்று. அயல்நாட்டில் ஒருவரை உடைய குடும்பத்தையும் இல்லாத குடும்பத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் உண்மை புலப்படாது. ஏனெனில் ஆளனுப்ப இயன்ற குடும்பம் தொடக்கத்திலேயே கல்வியாலும் நிலத்தாலும் உறவாலும் வேறுபட்டதாக இருக்கக்கூடும். ஆய்வாளன் மக்களைத் தன் விருப்பப்படி பிரித்து அயல்நாட்டிற்கு அனுப்பவும் இயலாது. ஆகவே, எவருடைய விருப்பத்தையும் சாராது நேர்ந்த ஒரு மாற்றத்தைத் தேடிக் கண்டு, அதனையே கருவியாகக் கொள்ள வேண்டும். இதனைத் தானமை ஆய்களம் என வழங்கலாம்.

அத்தகைய கருவிகளுள் ஒன்று மழை. தீன் யாங்கு, ஊவாசுங்கு சோய் என்னும் ஆய்வாளர் இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பிலிப்பைன்சில் மழையின் ஏற்றத்தாழ்வால் வீட்டு வருவாய் குன்றியபோது நிகழ்ந்ததை அளந்தனர். அயல்நாட்டில் உறுப்பினரை உடைய குடும்பங்களில், குன்றிய வருவாயில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அனுப்பீடு ஈடுசெய்தது. அத்தகைய உறுப்பினர் இல்லாத குடும்பங்களிலோ வருவாயோடு நுகர்வும் சேர்ந்தே இறங்கியது. இடர்ப்பகிர்வு என்பது வெறுங்கருத்தன்று, வீடுகளில் நாள்தோறும் இயங்கும் காப்பீடே என்பதை மழை மெய்ப்பித்தது.

மற்றொரு கருவி நாணயத்தின் மாற்றுமதிப்பு. 1997-இல் ஆசிய நாடுகளைத் தாக்கிய பணநெருக்கடியில் பிலிப்பைன்சின் பேசோ வீழ்ந்தது. அமெரிக்க டாலரோடு பிணைந்த சவூதி அரேபிய, ஆங்காங் நாணயங்கள் பேசோவிற்கு எதிராக ஏறத்தாழப் பாதியளவு உயர்ந்தன. தாமும் வீழ்ந்த மலேசிய, கொரிய நாணயங்களில் அவ்வுயர்வு இல்லை. எனவே, ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு குடும்பங்களுள், சவூதியில் ஆளுடைய குடும்பத்தின் வரவு பெருகவும், மலேசியாவில் ஆளுடைய குடும்பத்தின் வரவு அவ்வாறு பெருகாதிருக்கவும் நேர்ந்தது. இவ்வேறுபாட்டை அவர்களுள் எவரும் முன்னறிந்து தேர்ந்தாரல்லர். 2008-இல் வெளிவந்த யாங்கின் ஆய்வு, மாற்றுமதிப்பு 10 விழுக்காடு உயர்ந்தால் அனுப்பீடு 6 விழுக்காடு உயர்ந்ததைக் காட்டியது. அப்பணம் சென்ற வழியையும் அது காட்டியது: சிறார் பள்ளியில் நிலைத்தனர், சிறார் உழைப்பு குறைந்தது, குடும்பங்கள் முதல் தேவைப்படும் சிறுதொழில்களில் இறங்கின. அனுப்பீடு ஆரவாரச் செலவில் கரைந்துபோகும் என்னும் பழைய எண்ணத்திற்கு அளவையே மறுமொழி கூறியது.

கற்றோர் சென்றால் நாடு அறிவிழக்கும் என்னும் அச்சமும் அளவைக்கு உட்பட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கா அயல்நாட்டுச் செவிலியர்க்கான நுழைவிசைவை விரித்தது. 2007-ஐ ஒட்டி அதனைச் சுருக்கியது. அவ்விரிவின்போது பிலிப்பைன்சில் செவிலியர் கல்வியிற் சேர்ந்தோர் பெருகியதை அபார்கார், தியோஅரைடிசு என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து, பெயர்ந்த ஒவ்வொரு செவிலியருக்கும் கூடுதலாக ஒன்பது செவிலியர் பணியுரிமம் பெற்றனர் எனக் கண்டனர். செல்லும் வாய்ப்பே கற்கும் ஊக்கமாயிற்று; கற்றோர் பலர், செல்ல இயலாது நாட்டிலேயே எஞ்சினர். ஆயினும் இம்முடிவு எல்லா நாட்டிற்கும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. கல்லூரிகளை விரைந்து பெருக்கிக்கொள்ளும் ஆற்றல் உள்ள இடத்தில்தான் ஊக்கம் கல்வியாக மாறும்.

அனுப்பீட்டை ஆணையால் இழுக்க முயன்ற வரலாறும் உண்டு. பணியர் தம் ஊதியத்தில் 50 முதல் 80 விழுக்காடு வரை வங்கி வழியே நாட்டிற்கு அனுப்பியே தீரவேண்டும் என 1982-இல் ஓர் அரசாணை பிறந்தது. ஆங்காங்கில் பணிபுரிந்த பெண்கள் உள்ளிட்டோர் அதனை எதிர்த்து ஒன்றுதிரண்டனர். 1985-இல் அதன் தண்டனைகள் நீக்கப்பட்டன. அன்பின் வழியே ஓடும் பணத்திற்கு அரசு மதகு கட்ட முயன்றால் அது வேறு வழி தேடும். 1995-இல் சிங்கப்பூரில் ஒரு பிலிப்பைன்சுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டதும் நாடெங்கும் எழுந்த சினமும் துயரமும், அதே ஆண்டு சூன் 7-ஆம் நாள் அயலகப் பணியாளர் காப்புச் சட்டமாக உருவெடுத்தன. சட்டம் ஏற்கப்பட்ட அந்நாளே இன்று அந்நாட்டில் அயலகப் பணியாளர் நாளாகப் போற்றப்படுகிறது. பணத்தைக் கண்ட அரசு, பணம் அனுப்புவோரின் உயிரையும் காண வேண்டும் என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்று வரையறுத்தது தொல்காப்பியம். பிலிப்பைன்சிலோ 2019-ஆம் ஆண்டின் கணக்குப்படி அயலகப் பணியாளருள் 56 விழுக்காட்டினர் பெண்கள். பிறர் வீட்டுக் குழந்தையைத் தாலாட்டும் பெண்ணின் குழந்தையைத் தாலாட்டுவோர் யார் என்னும் வினாவை இரேசல் பாரெனாசு என்னும் குமுகவியல் அறிஞர் தம் ஆய்வுகளில் எழுப்பினார். தாய் பெயர்ந்த வீட்டில் அவள் பணிகளைத் தந்தையர் ஏற்பது அரிது; பாட்டியும் அத்தையும் மூத்த மகளுமே சுமக்கின்றனர். தாயும் தொலைவிலிருந்தே தாய்மைக் கடனை முற்றும் ஆற்றவேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறாள். குழந்தையின் ஏக்கம் தாய் சென்றதனால் மட்டும் விளைவதன்று. தந்தையின் பிரிவைக் கடமை எனவும் தாயின் பிரிவைக் கைவிடல் எனவும் பெயரிட்ட ஊர்வழக்கமும் அவ்வேக்கத்தை வளர்க்கிறது.

திரும்பும் நாள் தள்ளிப்போகப் போக, பணியர் மெல்ல அயல்வாழ் குமுகமாகின்றனர். ‘ஊர் திரும்புவோர்’ எனப் பொருள்படும் பாலிக்பாயன் என்னும் பெயரால் வழங்கும் பெட்டியில், சவர்க்காரமும் தின்பண்டங்களும் உடைகளும் நிறைத்து, ஆள் வர இயலாத ஆண்டுகளில் பொருளை வரவிடுகின்றனர். 2003-இல் பிலிப்பைன்சு இரு சட்டங்களை இயற்றியது: ஒன்று, அயற்குடியுரிமை பெற்றோர் தாயகக் குடியுரிமையை மீளப்பெற வழிசெய்தது, மற்றொன்று, அயல்நாட்டில் இருந்தவாறே தாயகத் தேர்தலில் பங்கேற்கும் உரிமையை அளித்தது. அனுப்பீட்டால் மட்டும் நாட்டோடு இணைந்திருந்தோரைக் குடிமையாலும் இணைத்தன அவை.

ஏரியின் நீரளவைக் கரையிலுள்ள அளவுகோல் காட்டும். பிரிவின் அளவைக் காட்டுவது, வாயிலில் நின்று ‘இவ்வீட்டினருள் இங்கு இல்லாதவர் யார்?’ என்று வினவும் கணக்கெடுப்பாளரின் ஏடு. இல்லாதவரை உள்ளவரோடு சேர்த்து எண்ணும் அந்த ஏட்டினாலேயே மழையின் காப்பீடும் நாணயத்தின் ஏற்றமும் நமக்குத் தெரியவந்தன. விடைகூற எவருமின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அவ்வேட்டில் இடம்பெறும் முறையைக் காணுதல் இவ்வறிவியலின் அடுத்த கடன். பொருள்வயிற் பிரிந்தோனுக்குப் பெயரிட்ட தமிழ், பெயரின்றி விடுபட்டோர்க்கும் பெயர் தந்து அக்கடனில் தன் பங்கை ஆற்றும்.