வாளும் திரையும் – 11: ஊமைத்துரையின் வைக்கோல்

சென்ற வாரம் 'ருரோனி கென்ஷின்' கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். மீதியைச் சீக்கிரம் முடித்துவிட்டு நம் ஊருக்கு வந்துவிடலாம்.

நொபுஹிரோ வாட்சுகி 1994 முதல் 1999 வரை ஒரு வாரப் பத்திரிகையில் வரைந்த சாமுராய் சித்திரத் தொடர் அது. கன்னத்தில் சிலுவை போல வடு, சிவந்த முடி, கூர் திருப்பி வைத்த வாள். ஜப்பானில் இந்த முகத்தை அறியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. 2012இல் கெய்ஷி ஓதோமோ இதைப் படமாக எடுத்தபோது அவருக்குக் கதை ஒரு சிக்கலே இல்லை. காகிதத்தில் கென்ஷின் ஒரு கட்டத்தில் நிற்பான், அடுத்த கட்டத்தில் எதிரி விழுந்து கிடப்பான். நடுவில் நடந்ததை வாசகரின் கண் தானே நிரப்பிக்கொள்ளும். படத்தில் அந்த நடுவை யாராவது செய்து காட்டியாக வேண்டுமே! ஹாங்காங்கில் டோனி யென்னோடு வேலை செய்து தேறிய கென்ஜி தானிகாகி சண்டைகளை அமைத்தார். தகேரு சாத்தோ தரையோடு தரையாகச் சாய்ந்து ஓடினார். படம் ஓடிவிட்டது. 2021 வரை மொத்தம் ஐந்து படங்கள் வந்தன.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் இந்த ஐந்தையும் கைப்பேசியிலேயே பார்த்து முடித்தவன். இந்தத் தொடரையும் விடாமல் படிக்கிறான். போன வாரம் பாலத்துப் பக்கம் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஜப்பான் கதையவே எழுதுதீங்களே. நம்ம பக்கம் வாளெடுத்தவன் இல்லாமலா போயிட்டான்?"

"இருக்கான்டே. படமாவும் வந்துட்டு."

"கட்டபொம்மனா? அதுல எங்க அண்ணாச்சி சண்ட? பேச்சுதான இருக்கு."

பதில் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அவன் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதியைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்குக் கட்டபொம்மன் கதை வெளியூர்க் கதை அல்ல. பாஞ்சாலங்குறிச்சியின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை கும்பெனியின் நெல்லைக் கொள்ளையிட்டார், காவலாளி ஒருவன் செத்தான், அதிலிருந்துதான் பகை முற்றியது என்று இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்களே, அந்த நெல் இருந்த கிட்டங்கி ஸ்ரீவைகுண்டத்தில்தான். தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த நெல் வரியாக வந்து குவிந்த இடம். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று எழுதிய தமிழ்வாணனுக்கும், விடுதலை வீரன் என்று எழுதிய ம.பொ.சி.க்கும் நடுவே இருக்கும் வழக்கு கடைசியில் இந்தக் கிட்டங்கி போன்ற இடங்களில்தான் வந்து நிற்கிறது. எங்கள் ஊர் இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லாத ஊர் என்பேன். கோயிலில் நின்றிருக்கும் பெருமாளுக்கே கள்ளபிரான் என்று பெயர். காலதூஷகன் என்ற திருடன் தன் கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்கு வைப்பானாம். அரசன் பிடிக்க வந்தபோது பெருமாளே திருடன் வேடத்தில் போய் நின்றாராம். இப்படி ஒரு தலபுராணத்தை வைத்துக்கொண்டு நெல்லுக் கொள்ளையை நாங்கள் என்ன விசாரிக்க!

சரி, படத்துக்கு வருவோம். கென்ஷின் காகிதத்திலிருந்து வந்தான். கட்டபொம்மன் வந்தது காதுவழியாக. தூக்கிலிட்ட பிறகு கும்பெனி அவன் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது. ஆனால் கும்மியாகவும் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் அவன் கரிசல் காட்டில் சுற்றிக்கொண்டே இருந்தான். நாங்குநேரி நா. வானமாமலை பின்னாளில் அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். கம்பளத்தாரின் கட்டபொம்மன் கூத்தைச் சின்ன வயதில் பார்த்ததையும், அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஒருவனாக நின்றதையும் சிவாஜி கணேசன் தன் வாழ்க்கைக் கதையில் நினைவுகூர்ந்திருக்கிறார். நடிகனாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் விழுந்ததாம். அந்தப் பையன் வளர்ந்து 1957இல் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தில் கட்டபொம்மன் ஆனார். சேலத்தில் அரங்கேறிய நாடகம் நூறு மேடைக்கு மேல் கண்டது. 1959இல் பி.ஆர். பந்துலு அதை வண்ணப் படமாக்கினார். அடுத்த ஆண்டு கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதும் ஜி. ராமநாதனுக்கு இசைக்கான விருதும் கிடைத்தன.

பாட்டு, கூத்து, நாடகம், படம் என்ற இந்த வரிசையில் எங்காவது ஓவியன் வருகிறானா பாருங்கள். இல்லை. அதனால்தான் பந்துலுவின் படம் கேட்பதற்கென்றே செய்த படம்.

ஜாக்சன் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரச்சொல்லிவிட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தான். இவர் 23 நாள் பின்னாலேயே அலைந்து, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் பிடித்தார். உட்கார இருக்கை தராமல் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். கைகலப்பு ஆனது. லெப்டினன்ட் கிளார்க் செத்தான். கட்டபொம்மன் வெட்டிக்கொண்டு வெளியேறினார். தானாபதி பிடிபட்டார். ஓதோமோ கையில் இது கிடைத்திருந்தால் அரண்மனை வாசலிலிருந்து குதிரை வரை பன்னிரண்டு நிமிடச் சண்டை வைத்திருப்பார், பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பந்துலுவின் படத்தில் நேர் எதிர். வாள் உருவுவதற்கு முன்னாலேயே ஜாக்சன் தோற்றுவிடுகிறான். வரி கேட்டவனிடம் வயல் வேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கேட்கும் அந்தப் பேச்சு முடிந்ததும் கொட்டகையில் கைதட்டல் அடங்க நேரமாகும். பிறகு நடக்கும் சண்டையைப் பெரும்பாலானோர் மறந்தே போனார்கள். போர்க்காட்சிகளுக்காக ஜெய்ப்பூர் வரை போய் வந்தார்கள். அந்தக் குதிரைகளைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்துக் கொடைகளில் ரேடியோ செட்காரர் மரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, பாட்டுக்கு நடுவே கட்டபொம்மன் கதைவசனத் தட்டைப் போடுவார். வில்லுப்பாட்டு தொடங்கும்வரை அதுதான் ஊருக்கு நேரப்போக்கு. படம் பார்க்காத கிழவிகளுக்கும் ஜாக்சன் எந்த இடத்தில் திணறுவான் என்று தெரியும். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு மணி நேரம் சுருக்கிப் போட்டாலும் எதுவும் குறைந்த மாதிரி இருக்காது. பள்ளி ஆண்டு விழாவில் ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டை வாளோடு வந்து நிற்கும் பையன் அந்த வாளை ஒரு தடவை கூட வீசமாட்டான், மூச்சு விடாமல் பேசிவிட்டு இறங்குவான். உலகத்தில் வேறு எந்த வாள்வீரன் படத்தையாவது கண்ணை மூடிக்கொண்டு முழுதாக அனுபவிக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

முகம் விஷயத்திலும் வரிசை தலைகீழ். கென்ஷினுக்கு வரைந்த முகம் முன்னாலேயே இருந்தது, நடிகர் அதற்குள் போய்ப் பொருந்த வேண்டியிருந்தது. கட்டபொம்மனுக்கு நம் மனதில் இருக்கிற முகமோ சிவாஜியின் முகம். தூக்கிலிட்ட கயத்தாற்றில் 1970இல் சிலை வைத்தவரும் அவரே, நிலத்தைத் தன் பணத்தில் வாங்கி. நடித்தவரே தன் பாத்திரத்துக்குச் சிலை எழுப்பிய கதை ஜப்பானில் உண்டா என்று அந்தப் பையன்தான் தேடிச் சொல்ல வேண்டும்.

ஓவியம் முந்திக்கொண்ட கதை தமிழில் இல்லாமலும் இல்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' வாரப் பத்திரிகை, வாள், படம் மூன்றும் சேர்ந்த தொடர். ஏறக்குறைய ஜப்பான்காரர்களின் முறை. மணியம் வரைந்த நந்தினியையும் வந்தியத்தேவனையும் கத்தரித்துத் தைத்து வைத்த வீடுகள் எங்கள் அக்கிரகாரத்திலும் பிள்ளைமார் தெருக்களிலும் உண்டு. 1958இல் எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்து நின்றுபோனது. 2022லும் 2023லும் மணிரத்னம் இரண்டு பாகமாக முடித்தார். அப்போதுதான் நமக்கு ஜப்பான் ரசிகனின் நோய் என்னவென்று புரிந்தது. கொட்டகையை விட்டு வெளியே வந்த பெரியவர்கள் நடிப்பையோ இசையையோ பேசவில்லை, "மணியம் போட்ட குந்தவை இப்படியா இருப்பா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஜெயமோகன் வசனத்தைக் குறைத்து எழுதியிருந்தார். சண்டைகளை ஷாம் கௌஷல் அமைத்தார். என் கணிப்பில் வசனத்தைக் குறைத்தது சரியான முடிவு. ஆனால் ஆழ்வார்க்கடியானை ஆசை தீரப் பேசவிடாதது பக்கத்து ஆழ்வார்திருநகரிக்காரர்களுக்கு இன்றும் ஆறாத வருத்தம். நம்மாழ்வார் பாட்டை ஊரூராகப் பாடித் திரிகிற ஆள் அல்லவா!

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன். பையன் கேட்ட மாதிரியான ஒரு வீரர், பேசாத வீரர், எங்கள் பக்கத்திலேயே இருந்தார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை.

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டில் வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் விருந்தில் இருக்கிறார்கள். அதே மாலையில் ஊமைத்துரையும் மற்றக் கைதிகளும் சிறையைத் தகர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்து படை திரட்டிப் போனால், இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாளுக்குள் திரும்ப எழுந்து நிற்கிறது! ஸ்ரீவைகுண்டம் கோயில் மதிலுக்குள் இருந்த கும்பெனிப் பிரிவை அந்தப் போரில்தான் பாஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் வந்து வளைத்தார்கள். மார்ச் கடைசியில் கோட்டையைத் தாக்கிய கும்பெனிப் படை பலத்த அடி வாங்கித் திரும்பியது. மே 24இல் கர்னல் அக்னியூ தலைமையில்தான் கோட்டை விழுந்தது.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் எதிரிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் வெளியான அவருடைய இராணுவ நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரைக்குத் தனி மரியாதை. கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதை எடுத்தாள்கிறார். ஊமைத்துரை மெலிந்த உடல்காரராம், நோயாளி போலத் தோற்றமாம். பேச்சு வராது. ஆனால் கூட்டம் அவரைச் சாமி என்றே கூப்பிட்டது. கட்டளையிடும் முறையை வெல்ஷ் விவரிக்கிறார். இங்கிலீஷ் படை இவ்வளவு என்று காட்ட உள்ளங்கையில் சில வைக்கோல் துண்டுகளைப் பரப்புவார். நேரத்தைச் சைகையில் காட்டுவார். மற்றக் கையால் ஒரே வீச்சில் வைக்கோலைத் துடைத்தெறிந்து, வாயால் உஸ்ஸென்று ஓர் ஒலி எழுப்புவார். அதுதான் தாக்குதல் ஆணை. தாக்குதலில் முதல் ஆளாகப் போகிறவரும் அவரே.

சித்திரத் தொடர் வரைகிறவனிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளங்கை, வைக்கோல், காலியான உள்ளங்கை என்று மூன்று கட்டம் போதும், எழுத்தே வேண்டாம். 1970இல் தொடங்கிய 'கொசுரே ஓகாமி' தொடரில் கொசெக்கி கொஜிமா பக்கம் பக்கமாகப் பேச்சில்லாமல் வரைந்ததும், 1972இல் கென்ஜி மிசுமி அதைப் படமாக்கியபோது டொமிசாபுரோ வகயாமா வாயைத் திறக்காமலேயே கொட்டகையை நடுங்கவைத்ததும் இந்த வகைதான். வகயாமாவின் தம்பி ஷின்டாரோ கட்சு கண் தெரியாத வாள்வீரன் ஜாட்டோய்ச்சியாகப் படம் படமாக நடித்தவர். கண் இல்லாத வீரனை அவர்கள் அத்தனை படமாக எடுத்தார்கள். வாய் பேசாத வீரர் உண்மையாகவே நம்மிடம் இருந்தும் அண்ணனின் நிழலில் நிறுத்திவிட்டோம். 1959 படத்தில் ஓ.ஏ.கே. தேவர் ஊமைத்துரையாக வருகிறார். அண்ணன் தூக்கில் ஏறுவதோடு படம் முடிகிறது. தம்பியின் போர் அதற்கு அப்புறம்தானே தொடங்குகிறது!

வெல்ஷ் தரும் இன்னொரு காட்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை காயத்தோடு பிணங்களுக்கு நடுவே கிடக்கிறார். மகனைத் தேடி வந்த ஒரு தாய், குற்றுயிராகக் கிடக்கும் மகனைக் கண்டுபிடிக்கிறாள். தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான் மகன். அவளும் தூக்கிப்போகிறாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் வீட்டை நெருங்கும்போது, பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள், பையன் அம்மை போட்டுச் செத்துவிட்டான் என்று. வந்தவர்கள் ஓடிப்போகிறார்கள். இதை ஒரு திரைக்கதை ஆசிரியர் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பமுடியவில்லை என்று தயாரிப்பாளர் அடித்துப்போட்டிருப்பார். அதே ஆண்டு நவம்பரில் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

ஏன் எடுக்கவில்லை என்று பையன் கேட்டால் நான் சொல்வது இதுதான். நம் சினிமா கூத்தையும் நாடகத்தையும் பெற்றோராகக் கொண்டது, அங்கே பேசாதவனுக்கு வேடம் இல்லை. கதைப்பாடலுக்கும் படப்பிடிப்புக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் 1972இலிருந்து முத்து காமிக்ஸ் அச்சாகும் சிவகாசி கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. இரும்புக்கை மாயாவிக்கும் டெக்ஸ் வில்லருக்கும் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்த ஊர் அது. அமெரிக்கப் பாலைவனத்தில் குதிரை எப்படித் திரும்பும் என்று நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஒட்டப்பிடாரம் கரிசலில் எப்படித் திரும்பும் என்று யாரும் வரைந்து காட்டவில்லை.

எந்த ஓவியர் கையில் கொடுக்கலாம் என்று பையனிடமே ஒரு பட்டியல் இருக்கிறது. அது அவன் பாடு. அடுத்த வாரம் சிலம்ப வாத்தியார்கள் ஸ்டூடியோ வாசலில் நின்ற காலத்துக்குப் போவோம். வாள் பிடிக்கத் தெரியாத நாயகர்களுக்காக அந்தச் சண்டைக்காரர்கள் முகம் காட்டாமல் வாங்கிய அடிகளைப் பற்றி.

(தொடரும்)