நூலகம் நம்முடையது, திறவுகோலும் நம்முடையதாகட்டும்!

வீட்டு வரி ரசீதைத் தோழர்கள் ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டுகிறோம். அதில் நூலக வரி என்றொரு தொகை இருக்கும். வரி ரூபாய் ஒன்றுக்குப் பத்துக் காசு. மாடி வீட்டுக்காரர் கட்டுகிறார். ஓட்டு வீட்டில் குடியிருக்கும் கல்லுடைக்கும் தொழிலாளியும் கட்டுகிறார். ஆகவே தருமபுரியின் மாவட்ட மைய நூலகமாயினும், அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளின் நூலகங்களாயினும், அவை எவரும் இட்ட பிச்சையல்ல. உழைப்பவன் காசில் நிற்பவை!

இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படியொரு சட்டம் செய்த முதல் மாகாணம் நம்முடையதே. அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் நூலகத்துக்கென ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். வாசிப்பவனின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. காலையில் கல்லூரி, மாலையில் கடையில் எடுபிடி வேலை என்று ஓடும் ஏழைப் பிள்ளைக்கு அதைவிட வேண்டிய விதி வேறென்ன?

உடைமை நம்முடையது, ஒப்புக்கொள்கிறோம். பயன் யாருக்கு? அதுதான் கேள்வி!

முதல் தலைமுறையின் முட்டுக்கட்டை

1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் பிறந்தது. தருமபுரி அரசு கலைக் கல்லூரியும் அதே ஆண்டில்தான் தோன்றியது. கல்லூரி வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும், 2011 மக்கள் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தருமபுரிதான். மாநிலம் நூற்றுக்கு எண்பதைத் தொட்டபோது இம்மாவட்டம் எழுபதைக்கூட எட்டவில்லை. ஆகவே இங்கே கல்லூரி வாசலை மிதிக்கும் பலருடைய வீட்டில், அவர்களுக்கு முன் அந்த வாசலை மிதித்தவர் எவருமில்லை.

“ஆய்வுக் கட்டுரை எழுதி வா” என்கிறார் பேராசிரியர். எப்படித் தேடுவது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா புளி தட்டுகிறார். பிள்ளை நூலகத்துக்குள் நுழைகிறது, அலமாரிகளைப் பார்க்கிறது, மலைக்கிறது, திரும்பிவிடுகிறது. பிறகு ஜெராக்ஸ் கடையில் பழைய கட்டுரை ஒன்றுக்குப் புது அட்டை போடப்படுகிறது. அல்லது கைப்பேசியிடம் கேள்வி கேட்கப்படுகிறது. கைப்பேசியோ, இல்லாத நூலுக்கும் கூசாமல் பெயர் சொல்லிவிடுகிறது!

வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு இது நட்டமில்லை. வேறு வழியில் மேலேறிவிடுவான். நம் வீட்டுப் பிள்ளைக்கு அறிவைத் தவிர ஏணி ஏது? தேடத் தெரிவது ஒரு தொழில். கொத்தனாருக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுபோல் அதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். இம்மாவட்டத்தையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம்.

பெயரைத் தேடு, பழைய பெயரையும் தேடு

வெள்ளையர் காலத்தில் தருமபுரி வட்டாரத்து நிலவரி எப்படியிருந்தது என்று ஒரு மாணவர் எழுதப் புகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்பட்டியலில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று தேடுகிறார். பழைய நூல் ஒன்றும் அகப்படவில்லை. நூலே இல்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. 1965-க்கு முன் இந்த மண் சேலம் மாவட்டம். லெ ஃபானு 1883-இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டிலும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் தந்த சேலம் விவரச் சுவடியிலும் தருமபுரி இருக்கிறது. அதற்கும் முன்னே போனால் ‘பாராமகால்’ என்று பெயர். 1792-இல் திப்புவிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்ததும், ரீடும் மன்றோவும் நிலவரி வகுத்தது அந்தப் பாராமகாலில்தான். தேடும் சொல்லை மாற்றினால் பூட்டு திறக்கிறது!

எல்லையைப் பார், பிறகு கணக்கைப் பார்

இன்னொரு மாணவர் மக்கள்தொகை பற்றி எழுதுகிறார். 2001 கணக்கில் தருமபுரி மாவட்டத்தில் 28 லட்சத்துக்கு மேல் மக்கள். 2011 கணக்கில் 15 லட்சம். பத்தாண்டில் ஏறத்தாழப் பாதிப் பேர் காணோம்! பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள் என்று உருக்கமாகக் கட்டுரை எழுதிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது பொய். 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது; குறைந்த மக்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். பிழைப்புத் தேடிப் போகும் துயரம் உண்மை; அதற்கு இந்தக் கணக்கு சான்றாகாது. நியாயமான வழக்குக்குத் தவறான சான்று காட்டினால் வழக்கே தோற்கும். இதை மாணவரைவிட மேடையேறும் நம் தோழர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்!

நூலின் வயதைக் கேள்

அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரின் மன்னன். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன். அவனைப் பற்றிய பாடல்களுக்குப் புறநானூறு இருக்கிறது, உ. வே. சாமிநாதையர் அதை 1894-இல் அச்சேற்றினார். ஆனால் அசோகன் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு வரும் ‘சத்தியபுத்திரர்’ யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் தமிழி எழுத்துக் கல்வெட்டொன்று கிடைத்தது. அது நெடுமான் அஞ்சியையே அந்தப் பட்டத்தோடு குறித்தது. 1981-க்கு முன் எழுதப்பட்ட நூலுக்கு இது எப்படித் தெரியும்? எழுதியவர் பேரறிஞராகவே இருக்கட்டும்; நூல் வெளிவந்த ஆண்டை முதலில் பார்க்க வேண்டும். முதற்பக்கத்தின் பின்புறத்தில் அது அச்சாகியிருக்கும்.

கேட்டதைச் சொல்லாதே, பதிவைக் காட்டு

வாச்சாத்தியை இம்மாவட்டத்தில் அறியாதார் யார்? 1992 ஜூன் 20-இல் அங்கே அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமையைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். மாணவர் ஏன் வாய்மொழியோடு நிற்க வேண்டும்? 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள். 54 பேர் இறந்துபோயிருந்ததால் 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நாள் தெரிந்தால் அந்நாளைய செய்தித்தாளைக் கேட்டு வாங்கலாம். நீதிமன்றமும் நாளும் தெரிந்தால் தீர்ப்பையே தேடிப் படிக்கலாம். மலையடிவாரத்து ஏழை மக்களின் சொல் சான்றாகப் பதிவேறியதால் அல்லவா அதிகாரம் கூண்டில் ஏறியது? பதிவின் வலிமை அது!

கைப்பழக்கம்

மற்றவை கைப்பழக்கம். அலமாரி எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெரும்பாலான நூலகங்களில் உள்ளது அமெரிக்கர் டூயி 1876-இல் தந்த முறை: 300 என்றால் சமூகவியல், 500 அறிவியல், 900 வரலாறு. ஒரு நூல் அகப்பட்டால் அதன் இருபுறமும் பார். உறவு நூல்கள் அங்கேதான் நிற்கும். முழு நூலையும் படிக்குமுன் பொருளடக்கத்தையும், கடைசியில் உள்ள சொல்லடைவையும் பார். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதே. அடுத்த நூலுக்கு வழி சொல்வது அதுதான். எடுக்கும் குறிப்பு ஒவ்வொன்றிலும் ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, பக்கம் நான்கையும் எழுது. பிறர் சொல்லையும் உன் கருத்தையும் கலக்காதே. ஐயம் வந்தால் நூலகரைக் கேள். வழிகாட்டுவது அவர் பணி.

ஊரில் இல்லாத நூலுக்கும் வழியுண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம். சென்னைக்குப் போக முடிந்தால் கன்னிமரா நூலகமும், ஆவணக் காப்பகமும், பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன.

செய்ய வேண்டியது என்ன?

கல்லூரிகளைக் கேட்கிறோம்: முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் நூலகத்துக்குள் அழைத்துச் சென்று, ஒரு கேள்வி கொடுத்து, விடையைத் தேடியெடுக்கப் பழக்குங்கள். நூலக ஆணைக்குழுவைக் கேட்கிறோம்: இம்மாவட்டம் பற்றிய நூல்கள், கணக்கெடுப்பு ஏடுகள், தீர்ப்புகள் அனைத்தையும் மைய நூலகத்தில் ஓரிடத்தில் தொகுத்து வையுங்கள், வேலை முடிந்து வருகிறவனுக்கும் கதவு திறந்திருக்கட்டும்.

தோழர்களையும் கேட்கிறோம்: இந்த ஞாயிறன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். “எனக்கு எழுத்து வராது, நான் எதற்கு?” என்று தயங்காதீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி, “இதைப் பற்றி எந்தெந்த நூலில் இருக்கிறது, எடுத்துக் காட்டு” என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். வரி கட்டியவர் நீங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு!